குன்மனாரா என்றொரு குழப்பம்

ஜூஜுவாடியிலிருந்து சூளகிரி வரைக்கும் உள்ள தமிழர், கன்னடர், தெலுங்கர் எல்லாரையும் ஒரே வார்த்தையில் குழப்பிய மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பாலைவனம்.

ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடிப் பக்கம் ஒரு வார்ப்பட ஆலையில் அவர் மெக்கானிக், நான் ஸ்டோர்ஸ். எங்கள் இருவருக்கும் ஒரே பெயர். குழப்பம் வேண்டாமென்று பெயரை எனக்கு விட்டுவிட்டு, அவருக்கு ஆலையே ஒரு பட்டம் சூட்டியது. ஓசூர்க்காரர்கள் துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போய்த் திரும்பிய காலத்தில், இவர் ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பாலைவனத்தில் பூர்வகுடி ஜனங்களின் ஊர் ஒன்றில் ஏழு வருஷம் வண்டி ரிப்பேர் பார்த்துவிட்டு வந்தவர். அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "இங்கேர்ந்து மெட்ராஸ் போய்ட்டு வர்ற தூரங்க" என்பார். வழியில் ஒரு டீக்கடைகூட இல்லை என்பதுதான் எங்களை மிகவும் வருத்தியது.

அந்த ஊர்ச் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். டீ நேரத்தில், ஆயில் சிந்திய தரையில் தூவிய மரத்தூளில் விரலால் கோடு போட்டுத்தான் சொல்வார். அங்கே பெரியவர்கள் மணலில் அப்படித்தான் சொன்னார்களாம். நீர்க்குழிக்கு நீர்க்குழி நடந்து வாழ்ந்த ஜனங்களைச் சர்க்கார் லாரியில் ஏற்றி, எங்கோ ஒரு முகாமில் கொண்டுபோய் வைத்தது வரை வருவார். சரியாகச் சைரன் அடிக்கும். பத்து நிமிஷ டீயில் அவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்ப வழியே இல்லை. எட்டு மாதம் அந்த ஜனங்களை நாங்கள் முகாமிலேயே வைத்திருந்தோம். ஒருநாள் கரண்ட் போய் மெஷின்கள் நின்றன. அன்றைக்குத்தான் அவர்கள் ஓட்டை கார்களில் ஊர் திரும்பி, போர்வெல் போட்டு, பள்ளிக்கூடம் கட்டினார்கள். எங்கள் ஃபோர்மேன் கையே தட்டிவிட்டார்.

அங்கே மருமகனும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. ஒரே காரில் போக வேண்டி வந்தால்? நடுவில் போர்வையைத் திரையாகக் கட்டிக்கொடுத்ததுதான் தன் முதல் வேலை என்றார் பாலைவனம். கேன்டீனில் கல்யாணமான பாதிப் பேர் அந்தப் போர்வையின் அளவைக் கேட்டுக்கொண்டார்கள்.

வம்பு வந்தது பாபுவால். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பாபு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காரியம் முடிந்து, அவர் மனைவி பேக்கிங் செக்‌ஷனில் தன் வேலைக்குத் திரும்பினார். ஆலையில் இன்னும் மூன்று பாபுக்கள் உண்டு. அன்று காலை பாலைவனம் மைக்கைப் பிடித்தார்.

"குன்மனாரா, கம்ப்ரசர்கிட்ட வாங்க."

யாரும் வரவில்லை. தமிழர்கள் அது கன்னடம் என்று நினைத்தார்கள். கன்னடர்கள் தெலுங்கு என்றார்கள். தெலுங்கர்கள் அது தமிழில் ஏதோ கெட்ட வார்த்தை என்று முடிவுகட்டி, மேலே புகார் கொடுத்தார்கள்.

விசாரித்தால், இறந்தவர் பெயரை அந்தப் பாலைவனத்தில் சொல்ல மாட்டார்களாம். அதே பெயர் உள்ள மற்றவர்களையும் கொஞ்ச காலத்துக்குக் குன்மனாரா என்றுதான் அழைப்பார்களாம். ஆக, மூன்று பாபுக்களும் ஒரே நாளில் குன்மனாரா ஆனார்கள். கூப்பிட்டால் மூவரும் வந்தார்கள், இல்லையென்றால் மூவருமே வரவில்லை. அதில் ஒருவர், தான் உயிரோடுதான் இருக்கிறோமா என்று சந்தேகம் வந்து ஜோசியரைப் பார்க்கப் போனார்.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். மைக் இருப்பது என் அறையில் என்பதால் நானும் போய் நின்றேன். ரிஜிஸ்டரில் இருக்கிற பெயரைக் கூப்பிடு, முடியாவிட்டால் வீட்டுக்குப் போ என்றார் மேனேஜர். பாலைவனம் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"போயிர்றேங்க சார். ஆனா அந்தப் பேரை மைக்குல கூப்புடறப்பல்லாம் பேக்கிங்ல அவரு சம்சாரம் திரும்பிப் பாக்குது. நீங்க ஒருக்கா அங்க நின்னு பாருங்க."

மேனேஜர் முறைத்துக்கொண்டேதான் போனார். அவர் அங்கே நின்ற நேரம், ஃபோர்மேன் மைக்கில் பாபுவைக் கூப்பிட்டார். திரும்பி வந்த மேனேஜர் என் அறையில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மைக்கில் அவர் குரலே கேட்டது: "குண்டுமணாரா, லோடிங்குக்கு வாங்க." மூன்று பாபுக்களும் ஓடினார்கள். பாலைவனம் மட்டும் மேனேஜரிடம் போய் உச்சரிப்பைத் திருத்திவிட்டு வந்தார்.

போன ஆடியில் பாலைவனமும் போய்விட்டார். நெஞ்சுவலி. அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, டீ நேரத்தில் நான் மரத்தூளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டீ டம்ளரைத் தள்ளி வைத்திருந்தேன். யாரும் கூடிப் பேசி முடிவு எடுத்ததாகத் தெரியவில்லை. ஜோசியரிடம் போன அந்த பாபுதான் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"குன்மனாரா, டீ ஆறுது."

பாலைவனத்தின் மனைவி இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்கிப் படிக்கிறவர். இதன் கீழே என் பெயரைப் போட வேண்டாம் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.