பின்னால் நடக்கும் ரிட்டன்காரர்

கடலூரில் பின்பக்கமாக நடந்தே பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் ரிட்டன்காரர்தான். ஒயர் வேலைக்குக் கூப்பிட்டால் டேப் எடுக்க மாட்டார். மீட்டர் பெட்டியிலிருந்து அடி எண்ணிக்கொண்டே நடப்பார். போன வழியே முகத்தைத் திருப்பாமல் எண்ணிக்கொண்டே பின்னால் வருவார்.

"கரண்டு போனா போதுமா? திரும்பி வர வாணாமா? ரிட்டன் ஒயரையும் எண்ணணுமில்ல?" என்பார். அந்தப் பேர் அப்படி ஒட்டியதுதான்.

ஒருமுறை அப்படி வந்து மாட்டுத்தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டார். எண்ணிக்கையை மட்டும் விடவில்லை.

சிதம்பரத்தில் ஒரு காதுகுத்து. பாயசம் வரும் நேரம் பார்த்து இலையை விட்டு எழுந்தார். பந்தலின் கடைசி பல்பு மங்கலாக எரிகிறதாம். அளந்துவிட்டு வருவதற்குள் இலையை எடுத்துவிட்டார்கள்.

"பாயசம் போச்சேய்யா!" என்றேன்.

"பதினெட்டு வோல்ட்டும் போச்சுக்கா" என்றார், அதைவிட வருத்தமாக.

இந்த மனிதர் மேல் எனக்கு ஒரு பொருமல் உண்டு. காரணம் எதிர்வீட்டு சரோஜா. இருவருமே இட்லி மாவு அரைத்து விற்கிறோம். கிரைண்டரும் ஒரே ரகம். அவளுடையது பம்பரமாகச் சுற்றும். என்னுடையது தேர் மாதிரி நகரும். மாவு கொரகொரவென்று இருக்கிறதென்று, என்னிடம் வாங்கிக்கொண்டிருந்த மெஸ்காரர் அவளிடம் போய்விட்டார். அவள் தினமும் ரிட்டன்காரருக்குக் காப்பி கொடுக்கிறாள், அவர் நல்ல கரண்ட்டை அவள் பக்கம் திருப்பிவிடுகிறார் என்று தெரு முழுக்கச் சொன்னேன்.

காதில் விழுந்து நேரே வந்தார். மீட்டரிலிருந்து, கிரைண்டர் இருக்கும் என் தோட்டத்துக் கொட்டகைக்கு இருநூறு அடி நடந்தார். பின்னாலேயே இருநூறு வந்தார். கிரைண்டரையும் தண்ணி மோட்டாரையும் ஓடவிட்டு இரண்டு இடத்திலும் வோல்ட் அளந்தார்.

"மீட்டர்கிட்ட இருநூத்தி முப்பது. கொட்டாயில இருநூறு. முப்பது எங்கக்கா?"

"சரோஜா வூட்ல தேடு."

"ஒன் ஒயர்லதான். போவ வர நானூறு அடி, ஒல்லி ஒயரு, மூணு ஓம். கிரைண்டரும் மோட்டாரும் பத்து ஆம்ப் இழுக்குது. மூணு பத்து முப்பது. அந்தக்கா கிரைண்டரு மீட்டருக்குப் பக்கத்துலயே இருக்கு. நீயும் முன்னால கொண்டாந்து வையி."

"மாட்டேன். மாவுல நான் என்னா சேக்குறேன்னு அவ பாத்துடுவா."

தலையில் அடித்துக்கொண்டு தடி ஒயர் இழுத்துக் கொடுத்தார். கொட்டகைச் சுவரில் வோல்ட் காட்டும் மீட்டரும் மாட்டினார். மெஸ்காரர் திரும்பி வந்தார். அன்றைக்குச் சரோஜா முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் இரண்டு இட்லி கூடுதலாகத் தின்றேன்.

இப்போது ரிட்டன்காரர் சிதம்பரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். ஞாயிறானால் போன் வரும்.

"எவ்ளோக்கா வருது?"

சுவரில் இருநூற்று இருபத்தைந்து காட்டும்.

"இருநூறுதான்யா வருது" என்பேன்.

அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, இருநூறு அடி போய், இருநூறு அடி பின்னால் வருவார்.

"சரியாத்தானேக்கா இருக்கு?"

"அப்பிடியா? சரி, காப்பிய குடிச்சிட்டுப் போ" என்பேன். அவர் பஸ் ஏறியபோதே பாலை அடுப்பில் வைத்திருப்பேன்.