காது பாயின் குடைக்கம்பி

வடசென்னையில் என்னை அதிகம் எரிச்சல்படுத்திய மனிதர் யார் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். காது பாய். டிரெய்லர் லாரிக்காரர்கள், எண்ணூர் நெடுஞ்சாலைத் தூசி, கொசு, என் மேலதிகாரிகள் எல்லாரும் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும்.

நான் வேலை பார்ப்பது திருவொற்றியூர் தாண்டி ஓர் எண்ணெய் டேங்க் யார்டில். பெயர் வேண்டாம். பதவி சூப்பர்வைசர். மேலே இருப்பவன் திட்டுவதற்கும் கீழே இருப்பவன் முறைப்பதற்கும் நடுவில் ஒரு முகம் வேண்டுமே, அது என்னுடையது. கப்பலில் வரும் எண்ணெய் பல கிலோமீட்டர் குழாய் வழியாக எங்களிடம் வந்து சேரும். நாளாக ஆகக் குழாயின் உள்சுவரில் மெழுகும் சேறும் அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்ட, ரப்பர் தட்டும் கம்பி பிரஷும் மாட்டிய ஒரு கனத்த உருளையை உள்ளே விடுவோம். பின்னாலிருந்து எண்ணெய் தள்ளத் தள்ள, அது சுரண்டிக்கொண்டே எங்கள் முனைக்கு வரும். அதற்கு பிக் என்று பேர். எங்கள் ஆட்கள் பன்னி என்பார்கள்.

காது பாய் மட்டும் மாப்பிள்ளை என்பார். கப்பல் பக்கத்து முனையில் உள்ளே தள்ளும்போது ரப்பர் முதுகில் ஒரு தட்டு தட்டுவார். “போய்ட்டு வா மாப்ள. வழில எங்கியும் குந்திக்காத, மானம் பூடும்.” அது இந்தப் பக்கம் கறுப்புச் சேறோடு வெளியே வந்தால், “குளிக்காமயே வந்துகீறாரு பாரு” என்று சலித்துக்கொள்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அனுப்பிய கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு குழாயோடு கிளம்புவார். குழாய் எங்கெல்லாம் தரைக்கு மேலே தலை காட்டுகிறதோ அங்கெல்லாம் இறங்கி, முட்டி போட்டு, கன்னத்தை அதில் ஒட்டிக்கொள்வார். பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் பூமியை அதிர வைத்துக்கொண்டு போகும். இவர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். திடீரென்று வலது கையைத் தூக்குவார். மாப்பிள்ளை கடந்துவிட்டார் என்று அர்த்தம். காது பாய் என்று பெயர் வந்தது அப்படித்தான். கேட் பாஸில் வேறு பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஒருமுறை ஒரு கான்ஸ்டபிள் அவரைப் பிடித்துக்கொண்டார். குழாயில் ஓட்டை போட்டு எண்ணெய் திருடுகிறவன் என்று நினைப்பு.

“இன்னாய்யா, பைப்ப மோந்துகினு கீற?”

“மாப்ள வராரு சார்.”

“வாய ஊது.”

பாய் ஊதினார். ஏலக்காய் டீ வாசனைதான் வந்தது. “எங்கடா உன் மாப்ள?” என்றார் கான்ஸ்டபிள்.

“இப்ப உங்க காலுக்குக் கீழ போய்கினு கீறாரு.”

கான்ஸ்டபிள் ஓரடி துள்ளிக் குதித்தாராம். நான் போய்த்தான் கூட்டி வந்தேன். என் வேலை நேரத்தில் பாதி, இவரை எங்கிருந்தாவது கூட்டி வருவதில்தான் போனது.

பிறகு கம்பெனி ஒரு கருவி வாங்கியது. பன்னிக்குள் ஒரு பெட்டி, என் கையில் ஒரு பெட்டி. பன்னி பக்கத்தில் வந்தால் என் பெட்டி கத்தும். அது கத்துவதற்குள் பாய் கையைத் தூக்கிவிடுவார். “உன் பொட்டி தூங்கினு கீது சார்” என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு ரத்தம் கொதிக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம் அந்தக் குடைக்கம்பி. பன்னி வந்து சேரும் முனையில் பெரிய பீப்பாய் மாதிரி ஓர் இரும்புக் கூடு, அதற்கு ஒரு கதவு. உள்ளே அழுத்தம் இருந்தால் கதவைத் தொடக் கூடாது. திறந்தால் கதவும் பன்னியும் சேர்ந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்காகத்தான் அழுத்தம் காட்டும் முள் இருக்கிறது, காற்றை வெளியே விடும் சின்ன வால்வும் இருக்கிறது. வால்வைத் திறந்து, முள் பூஜ்யத்துக்கு வந்தால் கதவைத் திறக்கலாம். பாய்க்கு இதெல்லாம் போதாது. பையிலிருந்து பழைய குடைக்கம்பி ஒன்றை எடுத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு, வால்வுத் துளையில் விட்டுக் குடைவார். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம். “முள்ளு பொய் சொல்லும் சார், கம்பி சொல்லாது.” நான் மூன்று மெமோ கொடுத்தேன். மூன்றிலும் எண்ணெய்க் கையைத் துடைத்தார்.

இந்த ஆள் ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றார். அவர் இப்படி வந்து நின்றதே இல்லை.

“சார், கேட் பாஸ் புதுப்பிக்கிறதுக்கு மெடிக்கலாம். காது டெஸ்ட்டு வெச்சுகீறாங்க.”

“உனக்கென்ன பாய், நீதான் காது பாய் ஆச்சே.”

“நமக்குக் காது கேக்காது சார்.”

என் வாயசைவைப் பார்த்தே இத்தனை வருடம் பதில் சொல்லியிருக்கிறார். சின்ன வயதில் கப்பலின் இரும்புத் தகட்டில் துரு தட்டும் வேலை. அதில் ஒரு காது முழுசாகப் போய்விட்டது, இன்னொன்று முக்கால்.

“அப்ப குழாய்ல இன்னாத்தய்யா கேட்ட?”

“கேக்கல. தாடைல தெரியும். பல்லுல வந்து நிப்பாரு மாப்ள.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “என்னிய கண்ணாடி ரூமுல குந்த வெப்பாங்க. நீ அதுக்கு இந்தாண்ட நின்னு, சத்தம் வர்ற நேரத்துல மூக்கச் சொறி. கேக்குதுன்னு நான் பட்டன அமுக்கிடறேன். பாஸு போச்சுனா பேஜாரு சார். வேற வேல தெரியாது.”

நான் கத்தினேன். சைரன் அடித்தால் கேட்காத ஆளை எண்ணெய்க்கு நடுவில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்திருக்கிறேனா என்று கத்தினேன். மேலே எழுதப் போகிறேன் என்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் பன்னி வந்தது. கூடவே புது ஆபீசரும் வந்தார், வெள்ளைச் சட்டையில். கப்பல் காத்திருக்கிறது, சீக்கிரம் என்றார். வால்வு திறந்திருந்தது. முள் பூஜ்யத்தில் நின்றது. நான்தான் கதவில் ஸ்பேனரை வைத்தேன். காது பாய் நடுவில் புகுந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

“கம்பி வுடாம தொறக்கக் கூடாது.”

“யோவ், நகருய்யா.”

“கத்தாத சார். எனக்குத்தான் கேக்காதே.”

ஆபீசர் வால்வுக்கு நேராகக் குனிந்து, “இதுல என்ன இருக்கு? காத்துகூட வரலையே” என்றார். பாய் அவரைத் தோளால் ஓரம் தள்ளிவிட்டுக் கம்பியை விட்டார். விரல் நீள மெழுகுக் கட்டி ஒன்று துப்பாக்கிக் குண்டு மாதிரி பறந்தது. பின்னாலேயே சீறிக்கொண்டு கறுப்பு எண்ணெய். ஆபீசர் நகர்ந்தது போதவில்லை, வெள்ளைச் சட்டை போயே போனது. முள்ளுக்குப் போகும் சின்னக் குழாயும் அதே மெழுகால் அடைத்துக் கிடந்தது, அதனால்தான் பூஜ்யம். சீறல் அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் நான் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் கம்பியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, “டீ சொல்லு சார்” என்றார்.

நான் மேலே எதுவும் எழுதவில்லை. மெடிக்கல் அன்று நானே லீவு போட்டுவிட்டு அவருடன் போனேன். கண்ணாடி அறைக்குள் பாய், தலையில் ஹெட்போன். வெளியே நானும் டெஸ்ட் எடுக்கும் பெண்ணும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, சத்தம் ஹெட்போனில்தான் வரும், எனக்கும் கேட்காது. சரியென்று அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். அவள் சத்தம் கொடுக்கும் பட்டனை அழுத்தினால் நான் மூக்கைச் சொறிந்தேன், பாய் அவருடைய பட்டனை அமுக்கினார். அருமையாகப் போனது. அவள் பேனா எடுக்கத் திரும்பினாள். அந்த நேரம் பார்த்து எனக்கு நிஜமாகவே மூக்கு அரித்தது. ஆயுள் முழுக்கத் தூசி தின்ற மூக்கு. சொறிந்துவிட்டேன். உள்ளே பாய் கம்பீரமாக அமுக்கினார்.

“சார், இப்ப நான் சத்தமே குடுக்கல” என்றாள் அந்தப் பெண்.

கேட் பாஸ் போனது. வெளியே வந்து நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். “வுடு நைனா, மூக்கு அரிச்சா இன்னா பண்ணுவ” என்றார் பாய். அதுவரை சார் என்றுதான் கூப்பிடுவார்.

சட்டம் சரிதான். சைரன் கேட்காதவர் உள்ளே இருக்கக் கூடாது. அதுதான் எனக்கு ஆத்திரம். தப்பாக இருந்தால் யாரையாவது திட்டியாவது இருப்பேன்.

இப்போது அவர் தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு வாட்ச்மேன். காது கேட்காத வாட்ச்மேன் என்று அவர்களுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லாதீர்கள். எங்கள் மதில் சுவருக்கு வெளியே, சாக்கடையைத் தாண்டும் இடத்தில் குழாய் கொஞ்ச தூரம் தரைக்கு மேலே வரும். அது பொது ரோடு, கேட் பாஸ் வேண்டியதில்லை. பன்னி விடும் நாளில் சரியாக அங்கே ஒரு சைக்கிள் நிற்கும். அந்தத் தேதியை யார் அவருக்குச் சொல்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

போன வாரமும் நின்றது. என் பெட்டி இன்னும் கத்தவில்லை. நான் வாசல் கேட் அருகே போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முட்டி போட்டிருந்த பாய் கையைத் தூக்கினார். அதன் பிறகுதான் உள்ளே போய்க் குடைக்கம்பியை எடுத்தேன். ஆமாம், நானும் ஒன்று வைத்திருக்கிறேன். புது ஆட்கள் எனக்குப் பின்னால் சிரிக்கிறார்கள்.

உள்ளே போவதற்கு முன் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கத்தினாலும் கேட்காது. நானும் கையைத் தூக்கினேன்.