வெள்ளத்தில் தப்பிய மோட்டாயன்

இந்த நிமிடம்வரை என்மேல் பாசமாக இருக்கும் மாமா அவர்களுக்கு,

மருமகள் வாலு வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். கடிதம் முடியும்வரையாவது தாங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

நாளைக் காலை நூலக மண்டபத்தில் அந்தக் கட்டுரையை வாசிக்காதீர்கள், மாமா. விடுமுறையில் உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார வைத்து, பெயர் அட்டைகளைக் கணினியில் ஏற்றச் சொன்னீர்களே, அங்கே ஆரம்பித்தது வினை. ஒரு நாட்டுப் புராணத்தில் வரும் அரசன், பெயர் லேசாகத் திரிந்து அடுத்த நாட்டுக் காவியத்தில் வருகிறான், மூன்றாம் நாட்டில் மீசை வைத்துக்கொண்டு வருகிறான் என்று நீங்கள் முப்பது வருடம் சேர்த்த அட்டைகள். கண் பரிசோதிக்கும் பலகையில்கூட அந்தப் பெயர்கள்தான். பார்வை நன்றாக இருந்த ஒரு பெரியவர், பெயர் வாயில் நுழையாத குற்றத்துக்காகத் தடித்த கண்ணாடியோடு போனார். நானூறாவது அட்டையில் எனக்குப் பொறுமை போய்விட்டது. எல்லாரும் 'ம'வில் தொடங்கி 'ன்'னில் முடிந்து வெள்ளத்தில் தப்பியவர்கள். எங்கள் வகுப்பிலேயே அப்படிப் பெயருள்ளவர்கள் ஆறு பேர். ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. அதனால் உங்கள் கோணல் கையெழுத்திலேயே ஓர் அட்டை எழுதிச் செருகினேன்: "மோட்டாயன். பனிநாட்டுப் பழங்கதை. பெருவெள்ளத்தில் வாலை இழந்து கரையேறிய அரசன். பழைய பயணக் குறிப்பு, பக்கம் 212."

அது எங்கள் வாலறுந்த பூனை மொட்டையன், மாமா. பெருவெள்ளம் என்பது துணி ஊறிய வாளி. 212 எங்கள் கதவு எண்.

பார்த்ததும் சிரிப்பீர்கள், காதைத் திருகுவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்களோ வந்தவர் மூக்கில் வெறும் சட்டத்தோடு காத்திருக்க, "வாலு! இதத்தாண்டி இத்தன வருஷமா தேடிட்டிருந்தேன்!" என்று குதித்தீர்கள். அப்போதே சொல்லியிருக்கலாம். "முன்வரிசையில உக்காந்து கொட்டாவி விடுவாரே அந்த வரலாற்று வாத்தியாரு, ஞாயித்துக்கெழம விடட்டும் பாக்கலாம்" என்றீர்கள். அப்போதும் சொல்லவில்லை. கட்டுரையின் நாலாம் பகுதியைக் கிழித்துப்போட்டு மோட்டாயனுக்குப் பதினாறு பக்கம் எழுதினீர்கள். நேற்று வாசித்துக் காட்டும்போது குரல் கம்மிவிட்டது. "கிறுக்கன்னு சொன்னாங்கடி" என்று, துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தீர்கள். நன்றி சொல்லும் இடத்தில் முதலில் நான்தான் இருந்தேன்.

விளையாட்டுக்குச் செய்தேன் என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். விளையாட்டென்றால் இரண்டு பேரும் விளையாட வேண்டும். நீங்கள் வேலையாக இருந்தீர்கள்.

அந்த ஒரே அட்டையை எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் உழைப்பு, சுத்தமான சரக்கு. வாத்தியார் வாயை அடைக்க அதுவே போதும். அத்தைக்கு வணக்கம், தங்களுக்கு மன்னிப்பு கலந்த நமஸ்காரம்.

இரண்டு காதுகளையும் தயாராக வைத்திருக்கும்,
வாலு

பி.கு.: இன்றே உங்கள் கையில் சேர்க்க உறையை ஒட்டும் முன் அம்மா வாங்கிப் படித்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ஒண்ணே ஒண்ணுதானாடி?" என்றாள். என் வயதில், அவள் அண்ணன் நீங்கள் சோர்ந்து உட்காரும்போதெல்லாம் ஓர் அட்டை எழுதிப் பெட்டிக்குள் போட்டுவிடுவாளாம், முகம் தெளியட்டுமே என்று. எத்தனை என்றேன். நாற்பது இருக்கும் என்கிறாள். எது எது என்றேன். "ஞாபகம் இல்லடி" என்று அழுகிறாள்.