மேனேஜ் பண்ணிக்கிறேன்

எங்கள் குடும்பத்தில் யாராவது ‘மேனேஜ் பண்ணிக்கிறேன்’ என்று சொன்னால் உடனே ஆட்டோவுக்குச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்கிற மரியாதையில், வலியை வலி என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. அதற்கென்றே இந்த ஒரு இங்கிலீஷ் சொல்லைத் தத்தெடுத்து வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரர் பல்வலியை மேனேஜ் பண்ணி, என் தம்பியின் கல்யாண போட்டோவில் ஒரு கன்னம் மட்டும் பூசணிக்காயாக நிற்கிறார். நானே பிரசவ வலியை மேனேஜ் பண்ணிக்கொண்டு அவிநாசி டவுன் பஸ்ஸில் ஏறியவள்தான். (கண்டக்டர் நல்ல மனுஷர். எங்கும் நிற்காமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டார்.)

அன்று பிறந்த நிவேதா போன வருஷம் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்து சில வாரங்களில், ஒரு சாயங்காலம் போனில், "லேசாக் காச்சலுங்கம்மா. மேனேஜ் பண்ணிக்கிறேன்" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

"ஏனுங்க, கெளம்புங்க."

"காச்சல்தானே அம்மணி? புள்ளை தூங்கியிருக்கும்."

"மேனேஜ் பண்றேன்னு சொல்லிப்போட்டாளுங்க."

அவர் கன்னத்தைத் தடவியபடியே சட்டையை மாட்டினார்.

திருப்பூரில் ரயிலைப் பிடித்து, குக்கர், கம்பளி, ஒரு பாட்டில் நிலவேம்புக் கஷாயம் சகிதம் மத்தியானம் அவள் அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு தாழிடாமல் இருந்தது. (தாழ் போடக்கூடத் தெம்பில்லை என்று நினைத்தேன்.) உள்ளே நிவேதா சுவரோரம் உட்கார்ந்து தனக்குத்தானே இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைக் கையை ஆட்டினாள். ஜன்னியேதான் என்று முடிவு செய்து, தாடையைப் பிடித்துக் கஷாயத்தை ஊற்றினேன்.

"குடி கண்ணு. அம்மா வந்துட்டேன்."

அப்புறம்தான் அவள் எதிரே இருந்த லேப்டாப்பைப் பார்த்தேன். அதற்குள் வரிசை வரிசையாக முகங்கள். கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரர் தானும் கஷாயம் குடித்தவர் போல முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். நிவேதா தன் வேலையை முதன்முதலாக அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாளாம். அவளை வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பதே அன்றைக்குத்தான் முடிவாக இருந்ததாம்.

அவள் விழுங்கினாள். வாயைத் துடைத்தாள். "சாரி, மை மதர்" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தாள். என் வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிட, நான் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே குக்கரைக் கட்டிக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன்.

பேச்சு முடிந்ததும் ஒரு கையால் அவள் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. அடுப்பில் அவளே வைத்த ரசம். (எங்கள் வீட்டில் பால் காய்ச்சத் தெரியாதவள்.)

"ராத்திரியே விட்டுப்போச்சுங்கம்மா. காலைல இந்த வேலைல போனைப் பாக்கலை. மேனேஜ் பண்ணிக்கிறேன்னு சொன்னேனுங்களே."

சொன்னபடி நிஜமாகவே சமாளித்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லும் மனுஷர்களும் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது: வேலை உறுதி, அம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும். அப்போதுதான் குக்கரைக் கீழே வைத்தேன்.

போன மாதம் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பழக்க தோஷத்தில் போனில், "மேனேஜ் பண்ணிக்கிறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வாசலில் நிவேதா நின்றாள், கையில் ஒரு பாட்டிலோடு.

"வாயைத் தொறங்கம்மா" என்றாள்.