உருளையில் இரண்டு முழம்

வாசலில் ஆட்டோ வந்து நின்றபோது உடையப்பன் கூடத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாக்குவம் கிளீனரின் உருளை பிரஷில் சுற்றியிருந்த தலைமுடியைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரப்பர் பெல்ட் அறுந்து கிடந்தது. முடி சுற்றி இறுகி உருளை நின்றுபோனதில் பெல்ட் அறுந்திருக்கிறது. அதுவரை அவருக்குப் புரிந்தது.

அதற்கு மேல் புரியவில்லை. இந்த வீட்டில் முடி ஏது?

மகள் தமிழ்மதிக்கு வங்கி வேலை கிடைத்தால் குடும்பத்தோடு மொட்டை போடுவதாகப் பழனி முருகனுக்கு வேண்டுதல். கிடைத்தது. மூவரும் போய் முடி இறக்கிவிட்டு வந்தார்கள். மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் இந்த மிஷினை வாங்கி அனுப்பினாள். உடையப்பனுக்கும் மனைவி மணிமேகலைக்கும் இன்றுவரை அரை விரல் அளவுக்குத்தான் முளைத்திருக்கிறது. உருளையிலிருந்து வந்ததோ, கருகருவென்று இரண்டு முழத்துக்குக் குறையாமல் இருந்தது.

மணிமேகலை ஒட்டன்சத்திரத்தில் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தாள். வீட்டு வேலைக்கு வரும் மரியசெல்வியும் வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாள். மனைவி திரும்பும்போது வீடு பளிச்சென்று இருந்தால் சந்தோஷப்படுவாள் என்று உடையப்பனுக்குத் தோன்றியது. இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் அவருக்கு அப்படித் தோன்றியது இதுவே முதல் தடவை.

கதவு திறந்தது. ஏன் அப்படிச் செய்தோம் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்கு விளங்கவில்லை. கையிலிருந்த முடியைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

மணிமேகலை வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினாள்.

“என்னங்க, பினாயில் வாசம்?”

“சும்மா… வீட்டக் கூட்டித் தொடச்சேன்.”

“நீங்களா?”

“ஏன், நான் தொடைக்கக் கூடாதா?”

“குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வைக்காத மனுசன், நான் இல்லாத நேரம் பாத்து வீட்டையே கழுவி விட்டிருக்கீங்க.” அவள் பையைக் கீழே வைத்தாள். “எதக் கழுவுனீங்க?”

அவள் கண் அவருடைய சட்டைப் பையில் நின்றது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒற்றை முடியின் நுனியைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கத்தையாக வெளியே விழுந்தது.

 மின்விசிறிக் காற்றில் அது தரையெங்கும் பரவியது.

“மிஷின்ல சுத்தியிருந்துச்சு மேகல. ஒன் பழைய முடியா இருக்குமோ?”

“என் முடியா?” அவள் தலையைத் தடவிக் காட்டினாள். “என் முடி முருகனுக்குப் போயிருச்சு. அதுக்கப்புறந்தான் இந்த மிஷினே வந்துச்சு. சாமிக்குக் குடுத்தத இழுத்துப் பேசுறீங்களே, நாக்கு கூசல?”

அவருக்குக் கூசியது. முருகனை விட்டுவிட்டு வேறு யாரையாவது சொல்லலாம் என்று பார்த்தார். மரியசெல்விக்குத் தோளைத் தொடாத நரைமுடி. மிச்சமிருந்தது, தாடிக்கொம்பில் இருக்கும் அக்கா பொன்னழகுதான்.

“அக்கா வந்திருந்துச்சு. சொல்ல மறந்துட்டேன்.”

மணிமேகலை அந்த நிமிடமே போனைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள்.

“நானா?” என்றாள் பொன்னழகு. “அங்கிட்டு வந்து ஒரு வருசமாச்சு தாயி. ஒரு காப்பித்தண்ணிக்காச்சும் கூப்புட்டானா எந்தம்பி? ஏன் கேக்குற, வீட்டுக்கு யாரும் வந்திருந்தாங்களா?”

“அதத்தான் மதினி நானும் கேட்டுக்கிட்டிருக்கேன்.”

அதுவரை முடிக்கு மட்டும்தான் பதில் இல்லாமல் இருந்தது. இப்போது பொய்க்கும் பதில் இல்லை.

மிஷின் ஓடத் தொடங்கினால் பேச்சு அடங்கும் என்று நினைத்து, புது பெல்ட் வாங்கக் கிளம்பினார். “நானும் வாரேன்” என்று மணிமேகலை பைக்கில் ஏறிக்கொண்டாள்.

கடைக்காரர் பைசல் அறுந்த பெல்ட்டை இழுத்துப் பார்த்தார்.

“இது லேசுல அறாதுண்ணே. முடி சுத்துனாத்தான் இப்புடி அறும். லேடீஸ் ஹாஸ்டலு ஏதும் நடத்துறீங்களா?”

அவர் பார்வை உடையப்பனின் தலைக்குப் போனது. பிறகு மணிமேகலையின் தலைக்குப் போனது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எதுக்கும் ஸ்பேர் ஒன்னு சேத்து வாங்கிக்கங்கண்ணே. அடிக்கடி தேவைப்படும்.”

வீடு வரை மணிமேகலை வாயைத் திறக்கவில்லை. அவள் திட்டும்போது அவருக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

பெல்ட்டை மாட்டினார். உருளை சுற்றியது, ஆனால் தூசி இழுக்கவில்லை. தூசிப் பை அடைத்திருக்கும் என்று, அவள் எதிரிலேயே அதைத் திறந்து கவிழ்த்தார். இன்னொரு கத்தை முடி விழுந்தது. அதோடு ஒரு கறுப்பு ரப்பர் பேண்டும் விழுந்தது.

“ஓகோ,” என்றாள் மணிமேகலை. “சட போட்டு வந்திருக்கா.”

எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிச்சிட்டாள். பிறகு பீரோவைத் திறந்து புடவைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

அன்று பொழுதெல்லாம் உடையப்பன் நாற்காலியில் அசையாமல் இருந்தார். யாரும் வரவில்லை என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். இருந்தும், தெரிந்ததை நினைக்க நினைக்க அது நைந்துகொண்டே வந்தது. குளிக்கும்போது கதவைத் தாழிட்டோமா? அசந்து தூங்கினோமே, அப்போது? ஒருத்தி வந்து, சடையை அவிழ்த்து, இத்தனை முடி உதிர்த்துவிட்டுப் போகும்வரை தூங்கியிருப்போமா? ஒரு கட்டத்தில் தன்னையே ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை ஒட்டன்சத்திரத்திலிருந்து மணிமேகலையின் அண்ணன் சோலைமுத்து காரோடு வந்தார். கவரைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க மாப்ள, நல்ல அடர்த்தியான முடிங்க. சின்ன வயசுப் புள்ளைதானுங்களா?”

“சத்தியமா எனக்குத் தெரியாது மச்சான்.”

“தெரியாதவங்களையெல்லாம் எதுக்குங்க மாப்ள வூட்டுக்குள்ள வுட்டீங்க?”

யாரென்று தெரிந்திருந்தால் அந்த நேரத்தில் உடையப்பன் சொல்லியே இருப்பார்.

“இனிமே நான் இந்த வீட்டுக்கு வரணும்னா ஒரே வழிதான்,” என்றாள் மணிமேகலை. பெட்டி அவள் காலடியில் இருந்தது. “காரைப் பழனிக்கு விடுண்ணா. முருகன் சன்னதியில சூடத்த அணைச்சு, எந்தப் பொம்பளையும் வரலன்னு இவரு சத்தியம் பண்ணட்டும். அவன்கிட்ட ஒருத்தரும் மறைக்க முடியாது. ஒத்த முடி பாக்கி வைக்காம அள்ளிக் குடுத்தவ நான். என்னைய அவன் கைவிட மாட்டான்.”

உடையப்பன் கும்பிட்டுக்கொண்டே எழுந்தார். மூவரும் செருப்பை மாட்டினார்கள்.

வேளாங்கண்ணியிலிருந்து திரும்பியிருந்த மரியசெல்வி, இதெல்லாம் எதுவும் தெரியாமல், பின்வாசல் வழியாக வந்து படுக்கையறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“அக்கா, அண்ணன் வெளிய கெளம்பிட்டாரா?”

யாருக்கும் பதில் சொல்லும் மனநிலை இல்லை. அந்த அமைதியையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

“அப்பச் செத்த இங்க வாங்கக்கா. பழனிக்குப் போறதுக்கு மொத நா, சவுரி கட்டிக்கலாம்னு என்னைய வெட்டச் சொல்லி பீரோவுக்கு அடியில ஒளிச்சு வச்சீகளே ஒங்க சட, அதுல பாதியக் காணோம்!”