அடகு வைத்தால் புத்தகம்

எனக்குச் சட்டம் போடத் தெரியும். போட்ட சட்டத்தை மீறத் தெரியாது. இந்த இரண்டு குணமும் ஒரே ஆளிடம் இருந்தால் ஊருக்கு ஆகாது. (என் வீட்டுக்காரர் இதைக் கேட்டால், "வீட்டுக்கு மட்டும் ஆகுமாக்கும்?" என்பார். அவருக்கு இந்தக் கட்டுரையின் கடைசியில்தான் இடம். அதுவரை காத்திருக்கட்டும்.)

அப்போது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வீடு ராஜபாளையத்தில். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதன் புகையில் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் வெள்ளைச் சேலையோடு ஏறுவேன். சாம்பல் சேலையோடு இறங்குவேன். அப்பா காலமாகிவிட்டதால் அம்மாவும் தம்பியும் என் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள். மதுரையிலிருந்து இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்து, "இந்தப் பெண் தேவலை" என்று ஒரு வரி எழுதினால் என் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில், ஒழுங்காகக் கணக்குப் பாடம் நடத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? "லைப்ரரிய நான் பாத்துக்கிடுதேன் டீச்சரம்மா" என்று தலைமை ஆசிரியையிடம் நானே போய்த் தலையைக் கொடுத்தேன்.

லைப்ரரி என்றதும் ஏதோ மண்டபம் என்று நினைத்துவிட வேண்டாம். தையல் வகுப்பின் மூலையில், சுவரோடு ஒட்டி நின்ற ஒரு மர பீரோ. அவ்வளவுதான். முன்கதவு நல்ல தேக்கு. பின்பலகை என்ன மரம் என்று யாரும் பார்த்ததில்லை. உள்ளே இருந்த புத்தகங்களைவிட வெளியே போய்த் திரும்பாத புத்தகங்கள் அதிகம். திருட்டு என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். அப்புறம் அந்தப் புத்தகம் பக்கத்து ஊரான மம்சாபுரம் முழுக்கச் சுற்றப் போய்விடும். சண்டைக் காலத்தில் காகிதமே கிடைக்காது. போன புத்தகம் போனதுதான். அபராதம் போடலாம் என்றால், களை பறித்த கூலியில் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைகளிடம் எதைக் கேட்பது?

யோசித்து யோசித்து ஒரு சட்டம் கண்டுபிடித்தேன். புத்தகம் எடுப்பவர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைக்க வேண்டும். புத்தகம் திரும்பினால் பொருளும் திரும்பும்.

முதல் வாரம் எனக்குக் கிடைத்தவை: புளியங்கொட்டை, ஒடிந்த சிலேட்டுக்குச்சி, ஒரு வேப்பங்குச்சி. அந்த வேப்பங்குச்சிக்காரி அதைப் பாதி மென்றும் இருந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே சட்டத்தைத் திருத்தி, பெரிய அட்டையில் கறுப்பு மையால் எழுதி, பீரோ கதவில் ஒட்டினேன். "வைக்கும் பொருள், அது இல்லாமல் தம்மால் இருக்க முடியாத பொருளாக இருத்தல் வேண்டும். இச்சட்டம் தராதரம் பாராமல் அனைவருக்கும் பொருந்தும்." (அந்தத் 'தராதரம் பாராமல்' எங்கேயோ படித்தது. கம்பீரமாக இருக்கிறதே என்று சேர்த்துக்கொண்டேன். அதுதான் என் கழுத்துக்குக் கயிறு.)

சட்டம் அமோகமாக வேலை செய்தது. ரிப்பன் வந்தது, கண்ணாடி வளையல் வந்தது, ஒற்றைக் கம்மல் வந்தது. புஷ்பம் என்ற மம்சாபுரத்துப் பிள்ளை இடுப்பில் இருந்த தம்பியை இறக்கி என் மேஜைமேல் உட்கார வைத்தாள்.

"என்னட்டி இது?"

"தம்பி, டீச்சர். இவன் இல்லாம என்னால இருக்க முடியாது."

"இவன இங்க யாரு பாத்துக்கிடுதது?"

"அதான் வெரசாப் படிச்சிட்டு வந்துருவேன்லா."

சட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன். தம்பிகளை வைக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. கடைசியில் அவன் கையிலிருந்த கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டு, அவனைத் திருப்பிக் கொடுத்தேன். அவன் போட்ட கூச்சலில் அன்றைக்குத் தையல் வகுப்பே நடக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் என் கெட்ட நேரம் ஆரம்பித்தது. முதலில் தலைமை ஆசிரியை வந்தார். பெரிய டீச்சரம்மா என்றுதான் ஊரே சொல்லும். பொய் சொல்லத் தெரியாதவர். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அட்டையை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"டீச்சரம்மா, கண்ணாடி இல்லாம எப்படிப் படிப்பீங்க?"

"அது இல்லாம இருக்க முடியாததத்தான வைக்கச் சொல்லியிருக்க? எனக்கு அது இதுதான்ட்டி. மத்ததெல்லாம் வச்சா அது கள்ளத்தனம்."

சட்டத்துக்கு இப்படி ஒரு மரியாதையா என்று எனக்குப் புல்லரித்தது. வாங்கி உள்ளே வைத்தேன். அடுத்துத் தையல் டீச்சர் லில்லி அக்கா ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்து, "தொறந்து பாக்கக் கூடாது. சனி, ஞாயிறு வீட்டுலதான இருப்பேன், கோயிலுக்குப் போனாலும் முக்காடுதான்" என்று புரியாத மாதிரி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கடைசியாக மாசிலாமணி அண்ணன். மணியடிப்பது, தோட்டம், காவல் எல்லாம் அவர்தான். மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்க ஒரு கதைப் புத்தகம் எடுத்துக்கொண்டு, தண்டவாளத் துண்டில் மணியடிக்கிற இரும்புத் தடியை வைத்தார்.

"திங்கக்கெழம வெள்ளனத் தந்துருங்க தாயி. அது இல்லன்னா பள்ளிக்கூடமே இல்ல."

எல்லோரும் போன பிறகு நானும் ஒரு தடித்த நாவலை எடுத்தேன். எடுத்த கையோடு மனசாட்சி கேட்டது: நீ என்ன வைக்கப் போகிறாய்? யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தேனே! ரிப்பன் வைக்கலாம், பெரிய டீச்சரம்மா கண்ணையே கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கும்போது ரிப்பன் வைக்க வெட்கமாக இருந்தது. எது இல்லாமல் என்னால் இருக்க முடியாது? இடுப்பில் தொங்குகிற பீரோ சாவி. அது குத்தாவிட்டால் எனக்கு நடையே வராது.

சாவியை எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் பயபக்தியோடு வைத்தேன். கதவைச் சாத்தினேன். அமுக்கினால் தானாகப் பூட்டிக்கொள்கிற பூட்டு. டக். அந்தச் சத்தம் காதுக்கு எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா? ராஜபாளையம் வரைக்கும் பஸ்ஸில் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டு போனேன்.

இரண்டு நாளும் நாவலைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. திங்கட்கிழமை பஸ் பாதி வழியில் நின்று, கண்டக்டர் அடுப்பைக் கிளறி, நாங்களெல்லாம் இருமி முடித்து, நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் அத்தனை பேரும் மைதானத்தில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். தண்டவாளத் துண்டுக்குக் கீழே மாசிலாமணி அண்ணன் வெறுங்கையோடு நின்றார்.

"நீங்க வந்தாத்தான தாயி மணி. தடியக் குடுங்க."

"இந்தா எடுத்துத் தாரேன்" என்று இடுப்பில் கை வைத்தேன். கை அங்கேயே நின்றுவிட்டது.

அதற்குள் லில்லி அக்கா முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏட்டி எஸ்தரு, இன்ஸ்பெக்டரம்மா வந்துட்டாவ! பொதங்கெழமன்னு சொன்னாவ, இன்னைக்கே வந்து நிக்காவ. பெரிய டீச்சரம்மாவுக்குக் கண்ணு தெரியல. அவியகிட்டயே 'பிள்ளையச் சேக்க வந்தியாம்மா, பிள்ளைய எங்க?'ன்னு கேட்டுட்டாவ. சாவியக் குடு!"

"சாவி பத்திரமா இருக்குக்கா."

"எங்க?"

"பீரோவுக்குள்ள."

லில்லி அக்கா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா முகம் கண்ணில் நின்றது. அழ நேரமில்லை. கொண்டை ஊசியை விட்டுக் குடைந்தோம்; ஊசி வளைந்தது. கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து இருந்தது. பீரோவைச் சுவரைவிட்டு இழுத்து முன்னால் சாய்த்துக் குலுக்கினால் சாவி அந்தச் சந்து வழியாக விழும் என்று நான்தான் சொன்னேன். (இனி ஒரு யோசனையும் சொல்லாதே என்று யாராவது என் வாயைப் பொத்தியிருக்கலாம்.) இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். சரியாக அந்த நேரம், இன்ஸ்பெக்டரம்மாவை இன்னும் பிள்ளையின் தாய் என்றே நினைத்துச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த பெரிய டீச்சரம்மாவின் குரல் வாசலில் கேட்டது. "இதுதான் எங்க லைப்ரரி. ரொம்பப் பத்திரமா வச்சிருக்கோம்."

பீரோ சுவரைவிட்டு ஒரு முழம் நகர்ந்ததும் பின்பலகை பொலபொலவென்று உதிர்ந்தது. சுவர் தாங்கிக்கொண்டிருந்ததால்தான் அது இத்தனை நாளும் பலகை. மற்றதெல்லாம் கறையான் மண். முன்கதவுக்கு நான் போட்ட பூட்டு மட்டும் கல்லுமாதிரி நின்றது. புத்தகங்கள் சரிந்தன. ரிப்பனும் வளையலும் சிதறின. கிலுகிலுப்பை உருண்டுபோய் இன்ஸ்பெக்டரம்மாவின் காலடியில் நின்றது. இரும்புத் தடி கல்தரையில் விழுந்து "டங்ங்" என்றது.

மைதானத்தில் சத்தம் நின்றது. மணி அடித்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் வரிசையில் நின்று காலை ஜெபப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டு முடிகிறவரை நாங்கள் நான்கு பேரும் அந்தக் குப்பைக்கு நடுவில் அசையாமல் நின்றோம். பாட்டு முடிந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த புஷ்பம் கத்தினாள்: "டீச்சர், பூனை செத்துக் கெடக்கு!"

பூனை இல்லை. லில்லி அக்காவின் பொட்டலம் பிரிந்து கிடந்தது. உள்ளே சவுரிமுடி. கொண்டை எவ்வளவு பெரிசு என்று நாங்களெல்லாம் பொறாமைப்பட்டோமே, அதன் ரகசியம். லில்லி அக்கா குனிந்து அதை எடுத்து, மண்ணைத் தட்டி, "என்னுதுதான். எனக்கு இது இல்லாம முடியாது" என்றார். அந்தத் தைரியத்துக்கு இன்றும் அவர் கையைப் பிடித்துக் கும்பிடலாம். பெரிய டீச்சரம்மா தடவித் தடவிக் கண்ணாடியைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவரை முதல்முறையாகப் பார்த்து, "அய்யோ, நீங்களா!" என்றார்.

இன்ஸ்பெக்டரம்மா அட்டையிலிருந்த சட்டத்தை முழுவதும் வாசித்தார். பிறகு தரையில் கிடந்த சாவியைப் பார்த்தார்.

"இதை யாரும்மா உள்ளே வச்சது?"

"நான்தான்ம்மா."

"ஏன்?"

"நானும் ஒரு புஸ்தகம் எடுத்தேன். அதான்... தராதரம் பாராமல்..." என்று முணுமுணுத்தேன்.

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தும்மலா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்து ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி, "இதை நான் எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டார்.

புத்தி உள்ளவள் என்ன செய்வாள்? பீரோவையே சேர்த்துக் கொடுத்து அனுப்புவாள். நான் சொன்னேன்: "என்னம்மா வச்சிட்டுப் போறீங்க?"

பெரிய டீச்சரம்மா ஏசுவைக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டரம்மா கைப்பையைத் திறந்து ஒரு மசிப் பேனாவை எடுத்தார். "ரிப்போர்ட் எல்லாம் இதுலதான் எழுதுவேன். இது இல்லாம எனக்குக் கை ஓடாது."

என் வேலையைப் பற்றி எழுத வேண்டிய பேனா! அதையும் வாங்கினேன். நான் ஒரு பிறவி.

குதிரை வண்டியில் ஏறியதும் அவர் என்னைக் கூப்பிட்டார். "அடுத்த வருஷம் வந்து புத்தகத்தைத் தருவேன். பேனாவை நீதான் என் கையில கொடுக்கணும். வேற யார் கொடுத்தாலும் வாங்க மாட்டேன், தெரிஞ்சுதா?"

வண்டி போய்விட்டது. "போச்சு, எல்லாம் போச்சு" என்று நான் விசும்பினேன். பெரிய டீச்சரம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "கூறுகெட்டவளே! அடுத்த வருஷம் நீ இங்க இருக்கணும்னு சொல்லிட்டுப் போறாவட்டி!"

செத்த நேரம் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் அந்தக் கறையான் மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன், சந்தோஷத்தில்தான். பிறகு அறிக்கை வந்தது. என் வேலை நிரந்தரம் என்று இருந்தது. முழுவதும் பென்சிலில் எழுதியிருந்தது.

கதை ராஜபாளையம் பஸ் போகிற வழியெல்லாம் பரவிவிட்டது. என் கல்யாணம் முடிந்து, எல்லோரும் அழுது, நான் வண்டியில் ஏறப்போகிற நேரம் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "மாப்பிள்ள, எம்மகளக் கூட்டிட்டுப் போறீய. என்னத்த வச்சிட்டுப் போறீய?" அவர் சிரிக்காமல் கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மா கையில் வைத்தார். அம்மா அதை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினாள். (சாவியை வெளியே வைத்துக்கொண்டுதான்.)

அம்மா போன பிறகு அந்தக் கடிகாரம் தம்பியிடம் இருக்கிறது. எப்போதோ நின்றுபோனது. எனக்கும் இவருக்கும் சண்டை வரும்போதெல்லாம் இவர் தம்பி வீட்டுக்குப் போய் நிற்பார். போன வாரமும் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏலே, என் வாட்ச்சக் குடு."

"அக்காவ விட்டுட்டு வாங்கிட்டுப் போங்க அத்தான்."

இவர் யோசித்தார். (யோசித்தார்! என் கண்ணால் பார்த்தேன்.) பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"கெடக்கட்டும்டே. புஸ்தகத்த இன்னும் படிச்சு முடிக்கல."