சுருளிவேல் கருவாடு காத்த படலம்

வாழ்க சுருளிவேல். போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடையில் சல்லடையே செங்கோலாக வீற்றிருப்பவன். பத்தாண்டுச் சலிப்பில் ஒரு காயைக்கூட யார் கண்ணிலும் படும்படி வாயில் போடாத உத்தமன். மாமியார் கைச் சோற்றின்மேல் மாறாத பக்தி பூண்டவன். அன்னவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டாம் ஆண்டுப் பங்குனியில், போடிமெட்டுக்கு அப்பால், கேரளம் என்னும் அயல்தேசத்தில் பதினைந்து நாள் சிறையிருந்து, ஒரு கொட்டான் கருவாட்டுக்காகப் புரிந்த பெரும்போரை இனிப் பாடப்போகிறோம். கலைமகளுக்கு வேறு சோலி இருக்கும். அவளைத் தொந்தரவு செய்யாமல் நாமே பார்த்துக்கொள்வோம்.

சனிக்கிழமை ஜீப்பேறி, மாமனார் காசிமாயன் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்து லயத்து வீட்டில் ஓரிரவு தங்கி, பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மனைவி அன்னக்கொடியை அழைத்துக்கொண்டு ஞாயிறு பொழுது சாய்வதற்குள் போடி சேர்வது என்பதே வீரன் வகுத்த வியூகம். சந்தையில் முக்கால் மணி நேரம் முகர்ந்து முகர்ந்து தேர்ந்தெடுத்த ஒரு கிலோ வஞ்சிரக் கருவாட்டைப் பனையோலைக் கொட்டானில் வைத்து, பதினேழு கொண்டையூசி வளைவுகளிலும் தலைப்பிள்ளையைப்போல் மார்போடு அணைத்து வந்தான். மாமியார் ஒச்சம்மாள் மொச்சையும் கத்தரிக்காயும் போட்டு வைக்கும் கருவாட்டுக் குழம்பு அப்படிப்பட்டது. அதற்காக மலையேறுவதில் தப்பே இல்லை.

வாசலில் செருகியிருந்த வேப்பிலையைத்தான், கொட்டானிலேயே கண்ணாயிருந்த கோமகன் கவனிக்கவில்லை. உள்ளே காலை வைத்த பிறகுதான் தெரிந்தது, அன்று விடியலில் காசிமாயன் உடம்பில் அம்மை போட்டிருந்தது. ஒச்சம்மாள் மருமகனிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமில்லாதவள். ஆகவே அடுப்பங்கரைச் சுவரை நோக்கி அரசாணை பிறப்பித்தாள்.

"ஆத்தா வந்திருக்கா. மூணாந்தண்ணி ஊத்துற வரைக்கும் உள்ள வந்தவுக வெளிய போகக் கூடாது. வீட்டுச் சாமான் ஒண்ணும் வாசப்படி தாண்டக் கூடாது. தாளிப்பு கெடையாது, கவிச்சி கெடையாது."

சுவர் மறுக்கவில்லை. வீரனும் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பு ஓட்டும் மொக்கையன் நூறடி தள்ளியே வண்டியை நிறுத்தி, "மச்சான், நீங்க இருந்து நல்லாப் பாத்துட்டு வாங்க. கடையில நான் சொல்லிக்கிறேன்" என்று கருணை மழை பொழிந்துவிட்டு வெரசாக இறங்கிப் போனான்.

இவ்வாறு வியூகம் தவிடுபொடியாயிற்று. சமைக்கவும் முடியாத, அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கவும் முடியாத கருவாடு, உத்தரத்து உறியில் தொங்கலாயிற்று. கீழே வீரன் கேப்பைக் கூழைக் குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கலானான். மூன்றாந்தண்ணி முடிந்த அன்றே குழம்பு என்று தனக்குத் தானே சபதம் செய்தான். அதுவரை கருவாடு உயிரோடிருக்க வேண்டும். அதுதான் பிரச்சினை.

ஏனெனில் பகைவன் வந்தான். தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்து வழியே, பட்டப்பகலில், படைபலம் ஏதுமின்றி, ஒரு காது அறுந்த கடுவன் பூனை. ஆத்தாளின் சட்டம் அதற்கு வாசித்துக் காட்டப்படவில்லை. மூன்றாம் நாள் அரிசி மூட்டைமேல் ஏறி உறியை நோக்கி அது பாய்ந்தபோது, சுருளிவேல் தன் வலக்கால் செருப்பு என்னும் வச்சிராயுதத்தை வீசினான். அது பூனையை விட்டுவிட்டு, மாமனார் தலைமாட்டில் இருந்த மஞ்சள் தண்ணிச் சட்டியில் போய் விழுந்தது.

"எங்கப்பன் முத்துப் போட்டுக் கெடக்காரு, இவுகளுக்குக் கருவாட்டு மேலதான் கண்ணு" என்றாள் அன்னக்கொடி. வீரன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, செருப்பைப் பிழிந்து காயவைத்தான்.

அன்று முதல் மூங்கில் கம்பும் கையுமாகக் காவல். பூனை மூட்டைவழி வந்தால் மூட்டையை நகர்த்தினான். உத்தரவழி வந்தால் உறியை மனைவியின் பழஞ்சேலையால் சுற்றி ஏழு முடிச்சுப் போட்டான். பேச ஆளில்லை. மாமனார் முனகுவார், மாமியார் சுவரிடம் பேசுவாள், மனைவி பேசினால் குத்துவாள். நாள்தோறும் வந்து முகம் பார்த்துப் போன ஒரே உயிர் அந்தப் பூனைதான். சாயங்காலம் வளைவில் ஜீப்பு ஹாரன் கேட்கும்போதெல்லாம் அந்தச் சல்லடையேந்திக்கு அழுகை வந்தது. அழுதான் என்றே எழுதிவிடுகிறோம், மறைப்பானேன்.

ஒன்பதாம் நாள் முதல் தண்ணி, பதினொன்றாம் நாள் இரண்டாந்தண்ணி எனக் காலச்சக்கரம் நொண்டி நொண்டி நகர்ந்து, பதினைந்தாம் நாள் காசிமாயன் தலையில் மூன்றாந்தண்ணி இறங்கியது. வேப்பிலை அகன்றது. ஏழு முடிச்சும் அவிழ, ஒரு துண்டும் குறையாமல் கருவாடு தரையிறங்கி, வெந்நீரில் ஊறி, உப்புக் களைந்து வெண்மேனி காட்டியது. மொச்சை வெந்தது. அம்மியில் மிளகாய் அரைபட்டது. கூரைச் சந்தில் ஒற்றைக்காதன் தோற்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அந்நேரம் பார்த்து, வெற்றிவீரனின் கழுத்தில் அரித்தது.

தடவிப் பார்த்தான். ஒரு முத்து. நெஞ்சில் இன்னும் இரண்டு. கருவாட்டுக்கும் அவனுக்கும் இடையே இனி அரை நாழிகைதான். அதற்குள் ஆத்தாளுக்கு என்ன அவசரம் என்று உள்ளம் கொதிக்க, துண்டால் கழுத்தைச் சுற்றி, காய்ச்சலை வியர்வையென்று காட்டி, அரிப்பைப் பல்லைக் கடித்து அடக்கி, இலைமுன் அமர்ந்தான் அந்த மகாவீரன். அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. ஒச்சம்மாள் கடுகைக் கையில் அள்ளினாள். அன்னக்கொடி தண்ணீர்ச் செம்பை வைக்கக் குனிந்தாள், துண்டு விலகியிருந்தது.

"ஆத்தா, தாளிக்காத. இவுக கழுத்துல முத்துப் போட்டிருக்கு."

கடுகு டப்பாவுக்குத் திரும்பியது. எண்ணெய்ச் சட்டி இறங்கியது. பிடுங்கிய வேப்பிலை வாசலுக்கே மீண்டது. கலியாணமாகி நாலு வருடத்தில் முதன்முறையாக மாமியார் மருமகனின் முகம் பார்த்து வாய் திறந்தாள்.

"போயி உங்க மாமன் படுத்த பாயிலயே படுங்க மாப்ளே. இன்னும் பதினஞ்சு நாளு."

பாயில் படுத்த சுருளிவேல் தன் உடம்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஊறப்போட்ட கருவாடு?" என்று மட்டும் கேட்டான். ஊறின கருவாடு பதினைந்து நாள் தாங்காது. சமைக்கக் கூடாது. வாசற்படியும் தாண்டக் கூடாது. ஒச்சம்மாள் கருவாடு ஊறிய சட்டியைக் கொண்டுபோய்க் கூரைச் சந்துக்கு நேர்கீழே வைத்தாள்.

பூனை தின்றது.